அத்தியாயம் 11: ரஷ்ஷைத் திரும்பப் போட்டுப் பார்த்தல்

கல்லூரி அரங்கில் படம் ஓடி முடிந்து கைதட்டல் அடங்கியதும், பல குழுக்கள் முதலில் செய்கிற வேலை ஹார்டு டிஸ்க்கைக் காலி செய்வது. அடுத்த குழு காத்திருக்கிறது, இடம் வேண்டும், எடிட் செய்த படம்தான் கையில் இருக்கிறதே என்ற நினைப்பு. தயவுசெய்து அழிக்காதீர்கள். கொஞ்சம் பணம் கூடுதலாகச் செலவானாலும் தனியாக ஒரு டிஸ்க் வாங்கி, எடுத்த அத்தனையையும், கெட்டுப்போன டேக்குகளோடு சேர்த்து, அப்படியே போட்டு வையுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க அந்த டிஸ்க்கைப் பற்றியதுதான்.

முடிந்த படத்தைப் பார்த்து இயக்குநர் கற்றுக்கொள்வது குறைவு. எடிட்டிங்கில் நூறு தடவை பார்த்துக் கண் மரத்துப் போயிருக்கும். அதோடு, நல்ல எடிட்டர் குறைகளை மூடத் தெரிந்தவர். பார்வையாளரிடமிருந்து மட்டுமல்ல, உங்களிடமிருந்தும் அவற்றை மூடிவிடுவார். நீங்கள் எங்கே தடுமாறினீர்கள், எதைக் கேட்டீர்கள், எதைப் பார்க்கத் தவறினீர்கள் என்பதெல்லாம் வெட்டாத ரஷ்ஷில்தான், அதாவது எடுத்தபடியே இருக்கிற மொத்தப் பதிவில்தான், கிடக்கிறது.

இதை நான் தெரிந்துகொண்டது என் முதல் படத்தில். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்தில் எடுத்தோம். ‘பால் கணக்கு’ என்று பெயர், 11 நிமிடம். பால்காரர் ஒருவர் இறந்துபோகிறார். அவருடைய பன்னிரண்டு வயது மகன் அப்பாவின் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பால் ஊற்றுகிறான். உத்திர வீதியில் ஒரு மாமி தினமும் “அப்பா வரலியாடா?” என்று கேட்கிறார். “ஊருக்குப் போயிருக்காரு” என்கிறான். மாதம் பிறக்கிறது. மாமி கணக்கைப் பார்த்து, “அப்பாகிட்ட பத்திரமா குடு” என்று பணத்தைக் கொடுக்கிறார். பையன் வாங்கிக்கொண்டு காவேரிக்குப் போய்க் கேன் கழுவுகிறான். அவ்வளவுதான் கதை.

அப்போது மினி டிவி (MiniDV) டேப் காலம். ஒரு மணி நேர டேப் நான்கு வாங்கியிருந்தோம், எடுத்தது மொத்தம் 3 மணி 40 நிமிடம். அதாவது படத்தில் வருகிற ஒரு நிமிடத்துக்கு 20 நிமிட ரஷ். டேப்பில் ஒரு வழக்கம் உண்டு. கேமராவை ஓடவிட்டு ஐந்து, பத்து விநாடி கழித்துத்தான் ‘ஆக்‌ஷன்’ சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது டேக்கின் தொடக்கம் கைக்குச் சிக்காது. அந்தப் பத்து விநாடிகளில் நடந்த பேச்சு எல்லாம் டேப்பில் ஏறியிருந்தது.

திரையிடல் முடிந்து நான்கு மாதம் கழித்து எடிட் செய்த கம்ப்யூட்டர் பழுதானது. படத்தை ஒரு குறும்பட விழாவுக்கு அனுப்ப வேண்டியிருந்ததால் டேப்புகளை மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. டேப் ஓடுகிற நேரம்தான் ஏறுகிற நேரம், குறுக்குவழி கிடையாது. 3 மணி 40 நிமிடம் தனியாக உட்கார்ந்து என் குரலைக் கேட்டேன்.

“பாவமா பாரு.” “இன்னும் சோகமா.” “முகத்துல ஏதாவது காட்டு.” வாசற்படி ஷாட் ஒன்றின் 17 டேக்குகளில் ‘சோகமா’ என்ற ஒரு சொல்லை 23 தடவை சொல்லியிருந்தேன். ஒவ்வொரு தடவைக்கும் பையனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகிறது. முதல் டேக்கில் அவனிடம் இருந்த ஏதோ ஒன்று ஆறாவது டேக்கில் இல்லை. சொன்ன சொல்தான் அதை விரட்டியது. படப்பிடிப்பில் நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இன்னொரு டேக். பணம் கொடுக்கிற காட்சி. மாமி உண்மையிலேயே அந்த வீட்டில் குடியிருந்தவர், நடித்துப் பழக்கமில்லாதவர். அவரிடம், “கொஞ்சம் வருத்தமா குடுங்க மாமி” என்கிறேன். அவர் கேட்கிறார்: “அவன் அப்பா போனதே எனக்குத் தெரியாதேப்பா. நான் எதுக்கு மூஞ்சியை வருத்தமா வெச்சுக்கணும்?” நான்: “ஆடியன்ஸுக்குத் தெரியும்ல மாமி.” அவர் சற்றுப் பேசாமல் இருக்கிறார். பிறகு, “சரி, நீ சொல்றே” என்கிறார். கதையை என்னைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்ட ஒருவரை என் அதிகாரத்தால் வாயடைத்திருக்கிறேன். டேப் இல்லாவிட்டால் அது எனக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

ஆகவே முதல் பயிற்சி இது. படம் முடிந்து மூன்று வாரமாவது போகட்டும். உடனே பார்த்தால் களைப்பும் பெருமையும் கண்ணை மறைக்கும். ஆறு மாதம் தள்ளினால் ஏன் அப்படிச் செய்தோம் என்பதே மறந்துவிடும். ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் நீங்கள் நடிகரிடம் என்ன சொன்னீர்கள் என்று சொல் மாறாமல் எழுதுங்கள். வலப்பக்கத்தில் அந்த டேக்கில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். நல்லது, கெட்டது என்று தீர்ப்பெழுத வேண்டாம், நடந்ததை மட்டும். ‘கேனைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தான்’, ‘மாமி சில்லறையை இரண்டு தடவை எண்ணினார்’ என்கிற மாதிரி. பத்துப் பக்கம் ஆனதும் உங்களுக்கே ஒரு வடிவம் புலப்படும். என் நோட்டில் தெரிந்தது இதுதான்: உணர்ச்சியைப் பெயர் சொல்லிக் கேட்ட டேக்குகள் எல்லாம் செத்திருந்தன. வேலை கொடுத்த டேக்குகள் உயிரோடு இருந்தன. “ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தக் கூடாது, சிந்தினா மாமி கவனிச்சிடுவாங்க” என்று ஒரே ஒரு தடவை, அதுவும் பால் வீணாகிறதே என்ற கவலையில் சொல்லியிருந்தேன். படத்திலேயே சிறந்த முகம் அந்த டேக்கில்தான் இருக்கிறது.

இப்போது கேமராவும் செல்போனும் சட்டென்று ஓடி சட்டென்று நிற்கின்றன. ‘ஆக்‌ஷனு’க்கு ஒரு விநாடி முன்பு தட்டி, ‘கட்’ சொல்வதற்குள் நிறுத்தி விடுகிறார்கள். கார்டில் இடம் மிச்சம், பாடம் நஷ்டம். உங்கள் கேமராமேனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: முன்னால் பத்து விநாடி, பின்னால் பத்து விநாடி ஓடட்டும். ‘கட்’டுக்குப் பிறகு ஓடுகிற விநாடிகளில் நடிகர்கள் நடிப்பதை நிறுத்தியிருப்பார்கள், அதனாலேயே அவை விலை மதிப்பற்றவை. எங்கள் மூன்றாவது டேப்பில், நான் ‘கட்’ சொன்ன பிறகு பையன் திண்ணையில் உட்கார்ந்து கேனின் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த பால் ஏட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறான். எட்டு விநாடி. யாரும் செய்யச் சொல்லவில்லை. பால்காரன் மகன் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான். எடிட்டிங்கின்போது நாங்கள் ‘ஆக்‌ஷனி’லிருந்து ‘கட்’ வரை மட்டும் வெட்டி ஏற்றியிருந்ததால் அது எங்கள் கண்ணிலேயே படவில்லை.

இரண்டாவது வேலை கணக்கு. ஒரு தாளில் காட்சிகளை வரிசையாக எழுதி, எதிரே எத்தனை டேக், என்ன மணிக்கு எடுத்தீர்கள், படத்தில் எத்தனை விநாடி வருகிறது என்று குறியுங்கள். எங்களுடைய வாசற்படி ஷாட் 17 டேக், படத்தில் 9 விநாடி. காரணம் நடிப்பு மட்டுமல்ல, ஃபோக்கஸ் ஒரு பக்கம், தெருவில் போன ஆட்டோ ஒரு பக்கம். காவேரிக் காட்சியோ படத்தின் உயிர், கடைசி ஒன்றரை நிமிடம். அதில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே டேக். அம்மா மண்டபம் போய்ச் சேரும்போது ஆறு மணி தாண்டிவிட்டது, வெளிச்சம் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. நாளின் நல்ல நேரத்தையும் குழுவின் நல்ல பலத்தையும் எதற்குச் செலவழித்தோம் என்பதை அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்த படத்தில் முக்கியமான காட்சியை முதல் நாள் காலையிலேயே வைத்தேன். இன்றும் மாணவர்களுக்குக் கால்ஷீட் போடும்போது நான் முதலில் கேட்பது, “இதுல எது போனா படமே போயிடும்?” என்பதுதான்.

இயந்திரக் குறைகளைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், அவற்றின் மேல் அதிகம் உட்கார வேண்டாம். டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடித்தால், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை மறந்திருக்கிறீர்கள், 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் வைத்தால் தீர்ந்தது. ஃபோக்கஸ் போனால் அளவு நாடா. இவையெல்லாம் ஒரு தடவை பட்டால் போதும்.

முற்றத்து வெளிச்சம் அப்படிப்பட்டதல்ல, அதைச் சொல்லியாக வேண்டும். ஸ்ரீரங்கத்து ஓட்டு வீடுகளின் முற்றத்தில் வெயில் ஒரு சதுரமாக விழும். கண்ணுக்கு அழகு, கேமராவுக்குத் தொல்லை. பதினோரு மணிக்குச் சுவரோரம் இருந்த சதுரம் பன்னிரண்டுக்கு மாமியின் மடியில் ஏறிவிட்டது. மாஸ்டர் ஷாட்டில் நிழலில் இருக்கிறார், சஜஷன் ஷாட்டில் பாதி முகம் வெளுத்திருக்கிறது. ரஷ்ஷை வரிசையாகப் போட்டபோதுதான் ஒரு மணி நேரத்தை ஒரே வசனத்துக்குள் அடைத்திருந்தது தெரிந்தது. பிறகுதான் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவைப் பற்றிப் படித்தேன். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்கு (1956) காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட் போட்டபோது, மேலே வெள்ளைத் துணியை விரித்து, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பவைத்து, வானத்திலிருந்து இறங்குகிற நிழலற்ற வெளிச்சத்தை உண்டாக்கினார். அவர் செட்டுக்குள் வானத்தை வரவழைத்தார். நமக்கு வானம் இருக்கிறது, வெயிலை மட்டும் வடிகட்டினால் போதும். ஒரு எட்டு முழ வேட்டியை முற்றத்தின் மேல் குறுக்கே இழுத்துக் கட்டினால் சதுரம் கரைந்து வெளிச்சம் முழு முற்றத்திலும் பரவும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல். அந்த வீட்டுக் கொடியிலேயே வேட்டி காய்ந்துகொண்டிருந்தது, எங்கள் டேப்பிலும் அது தெரிகிறது.

அடுத்தது ஆறு. பையன் கேன் கழுவும் காட்சியின் ஒரு பகுதியை ஜூன் முதல் வாரத்தில் எடுத்தோம். அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு முன்னால் மணல், நடுவில் வாய்க்கால் மாதிரி தண்ணீர். மீதியைப் பேட்ச் ஒர்க்காக மாதக் கடைசிக்குத் தள்ளிவைத்தோம். இடையில் ஜூன் 12 வந்தது. வழக்கமாக மேட்டூர் அணையைத் திறக்கிற நாள், அந்த ஆண்டும் திறந்தார்கள். சில நாளில் தண்ணீர் முக்கொம்பைக் கடந்து வந்துவிட்டது. நாங்கள் போனபோது படிகள் முங்கியிருந்தன. படத்தில் பையன் மணலில் நடந்து போய் இரண்டு கரை தொட்ட ஆற்றில் கேன் கழுவுகிறான். எடிட்டிங்கில் நெருக்கமான ஷாட்டுகளை வைத்துச் சமாளித்தோம், அரங்கில் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ரஷ்ஷைப் பார்த்தபோது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அப்பா போன மாதத்தில் ஆறு வறண்டு கிடக்கிறது, பணம் கைக்கு வந்த நாளில் தண்ணீர் வந்திருக்கிறது. காவேரிக்கரையில் பிறந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கதைக்குள் ஏற்றியிருக்க வேண்டிய ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறேன். ஊர் காலண்டரைத் தெரிந்துகொண்டுதான் ஷாட் டிவிஷன் போட வேண்டும். மேட்டூர் திறப்பு, ஆடிப்பெருக்கு, மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், இவற்றோடு மோதினால் நீங்கள்தான் தோற்பீர்கள். சேர்ந்து நடந்தால் செலவில்லாமல் பெரிய படம் கிடைக்கும்.

கோபுரம் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் திருச்சியில் படம் எடுக்கும் ஒவ்வொரு குழுவும் இதில் விழுகிறது. ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி, 1987-இல் குடமுழுக்கு நடந்தது. அதைக் கீழிருந்து மேலே டில்ட் செய்யாமல் ஸ்ரீரங்கத்திலிருந்து யாரும் ஊர் திரும்புவதில்லை. மலைக்கோட்டைக்கும் அதே கதிதான். என் ரஷ்ஷில் கோபுரம் மட்டும் 26 நிமிடம் இருந்தது. படத்தில் ஆறு இடத்தில் வைத்திருந்தேன். அந்த ஆறையும் கையால் மூடிக்கொண்டு படத்தைப் பார்த்தேன். கதைக்கு எந்தக் குறையும் இல்லை. பையன் ஒரு தடவைகூடக் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் அதன் நிழலில் பால் ஊற்றுகிறவன் எதற்கு நிமிர்ந்து பார்க்கப்போகிறான்?

அவன் அறிந்த ஸ்ரீரங்கம் வேறு. கோயிலின் ஏழு பிராகாரங்களில் வெளிப்புறத்தில் உள்ளவற்றுக்குள் மக்கள் குடியிருக்கிறார்கள். உள்ளே உத்திர வீதி, அடுத்துச் சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளஞ்சான். ஒவ்வொன்றும் கோயிலைச் சுற்றி நாற்புறமும் ஓடுகிறது. எந்த மூலையில் கிளம்பினாலும் நான்கு திருப்பம் திரும்பி அதே மூலைக்கு வந்து நிற்பீர்கள். பால் ஊற்றுகிறவன் தினமும் ஒரு சுற்று வருகிறான். பொய்யோடு கிளம்பி அதே பொய்யோடு அதே வாசலுக்குத் திரும்புகிறான். தெருவின் அமைப்பே என் கதையின் அமைப்பாக இருந்திருக்கிறது. நான் சைக்கிள் ஷாட்டுகளை வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி இங்கொன்று அங்கொன்றாக எடுத்து, எந்தத் தெரு எங்கே திரும்புகிறது என்பதே தெரியாதபடி ஒட்டியிருந்தேன். லொகேஷன் பார்க்கப் போகும்போது அழகான இடத்தைத் தேடாதீர்கள், உங்கள் பாத்திரம் நடக்கிற பாதையை முதலில் நீங்கள் நடந்துவிடுங்கள். அது படம் முடிந்த பிறகும் செய்யத் தக்கதுதான். நான் பிறகுதான் நடந்தேன்.

ரஷ்ஷை ஒரு தடவை ஒலியில்லாமல் பாருங்கள், இன்னொரு தடவை படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். ராய் 1964-இல் ‘டூ’ என்று ஒரு குறும்படம் எடுத்தார். மாளிகை ஜன்னலில் ஒரு பையன், கீழே வெட்டவெளியில் ஒரு ஏழைப் பையன், வசனமே கிடையாது. அதைப் பார்த்துவிட்டு உங்கள் படத்தின் ஒலியை அணைத்தால், வசனம் எங்கெங்கே முட்டுக்கொடுத்து நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஒலியை மட்டும் கேட்டபோது எனக்குக் கிடைத்தது வேறு மாதிரி. மாமி வீட்டுக் குக்கர், கோயில் மணி, தூரத்தில் பாலத்தின் மேல் ரயில். “ரயில் போகட்டும், ஒன் மோர்” என்று நான்கு இடத்தில் என் குரல். அந்த ரயிலுக்காக நிறுத்தியிருக்க வேண்டாம். “ஊருக்குப் போயிருக்காரு” என்று ஒரு பையன் பொய் சொல்லும்போது பின்னால் ரயில் போனால் கெட்டா போகும்?

மூன்றாவதாக, நடித்தவர்கள் வீட்டில் போட்டுக் காட்டுங்கள். கல்லூரி அரங்கத்துக் கைதட்டல் நண்பர்களுடையது. இந்த ஊரில் படம் எடுப்பதைவிடப் படம் காட்டுவதுதான் மூத்த தொழில். 1905-இல், திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, இயேசுவின் வாழ்க்கை பற்றிய படத்தை ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டக் கிளம்பினார். திரையைப் பார்க்கிற மனிதர்களின் முகத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்தியவர்கள் அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும். நீங்களும் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகங்களைப் பாருங்கள். எங்கே கொட்டாவி வருகிறது, எங்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள் என்று நேரத்தைக் குறியுங்கள்.

மாமி வீட்டுக் கூடத்தில் டிவியில் போட்டோம். பக்கத்து வீட்டார் ஏழெட்டுப் பேர். பணம் கொடுக்கும் காட்சியில் மாமி சட்டென்று, “ஏம்ப்பா, வெள்ளிக்கிழமைன்னா காமிக்கறது” என்றார். எனக்குப் புரியவில்லை. சுவரில் தினக் காலண்டர். நாங்கள் படம் எடுத்த நாளின் தாள் அப்படியே தொங்கியிருக்கிறது, வெள்ளி என்று பெரிதாக. “வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆத்துலேர்ந்து யாராவது பணத்தை எடுத்துக் குடுப்பாளா? சனிக்கிழமை வாடான்னு சொல்லிடுவேன்.” மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். பேராசிரியர்கள், நடுவர்கள், நண்பர்கள், யார் கண்ணிலும் படாதது. அன்று இரவு அதைத் தவறு என்று எழுதிவைத்தேன். மறுநாள் யோசித்தபோது, அவர் எனக்கு ஒரு காட்சியையே கொடுத்திருக்கிறார் என்று புரிந்தது. வெள்ளிக்கிழமை பணம் கேட்டு வந்து, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பப்பட்டு, இன்னொரு நாள் அந்தப் பொய்யைச் சுமக்கிற பையன்.

கேமராமேனோடும் எடிட்டரோடும் சேர்ந்து ஒரு தடவை பாருங்கள். தவறு யாருடையது என்று பேச உட்காராதீர்கள். ஒரு ஷாட்டை நிறுத்தி, “அந்த நேரத்துல உனக்கு என்ன தெரிஞ்சுது?” என்று மட்டும் கேளுங்கள். என் கேமராமேன் இந்தக் கேள்விக்கு, “நீ எதுக்கு எடுக்கறேன்னே எனக்குத் தெரியாது, கோபுரத்தை எடுன்னே, எடுத்தேன்” என்றான். என்னுடைய மௌனம் அவனுக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்று மூன்று ஆண்டு நட்பில் முதல் தடவையாகத் தெரிந்தது.

இவ்வளவையும் செய்ய எனக்கு ஆறு மாலைப் பொழுதுகள் ஆயின. உங்களிடம் ரஷ் கூடுதலாக இருக்கும், பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள், ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும். கடைசி டேப்பை, கடைசி கார்டை, முழுக்க ஓடவிடுங்கள். முடிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடத் தோன்றும்.

எங்கள் நான்காவது டேப்பில் காவேரி ஷாட்டோடு படப்பிடிப்பு முடிகிறது. ‘கட்’ சொல்கிறேன். யாரோ கைதட்டுகிறார்கள். கேமராமேன் கேமராவை அணைக்க மறந்து கீழே வைத்துவிட்டான், திரையில் படித்துறைக் கல் மட்டும் சாய்வாகத் தெரிகிறது. கேனில் தண்ணீர் தளும்புகிற சத்தம். பிறகு பையனின் குரல்.

“அண்ணா, கடைசில நான் மாமிகிட்ட சொல்லிடுவேனா?”

“அதெல்லாம் படத்துல இல்லடா. லைட் போயிடுச்சு, கேனை எடுத்து வை.”

சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடுகிற சத்தம். இன்னும் இருபது விநாடி கல் தெரிகிறது. அதோடு டேப் முடிந்துவிடுகிறது.